கினபாலு மலையில் ஆவி உண்டா?

கேள்வி: அடுத்த மாதம் மலேசியாவின் சபா மாநிலத்தில் இருக்கிற கினபாலு மலை ஏறப் போகிறேன். 4,095 மீட்டர் உயரம் கூடப் பயமில்லை. சிங்கப்பூர் ஈசூன் வீட்டில் அம்மாதான், "செத்தவங்க குடியிருக்கிற மலைக்கு ஏன்டா போறே?" என்று பையில் விபூதிப் பொட்டலத்தைத் திணிக்கிறார். இதை யார் கிளப்பிவிட்டது?

பதில்: சபாவின் பூர்வகுடிகளான கடசான்-டுசுன் மக்களின் நம்பிக்கை அது. இறந்தவர்களின் ஆவி அங்கே தங்குகிறது, பாறைப் பாசிதான் அவற்றுக்குச் சாப்பாடு என்பார்கள். ஆண்டுதோறும் ஏழு வெள்ளைக் கோழி பலியிடும் சடங்கும் உண்டு. நம் முனீஸ்வரன் படையல் மாதிரிதான்.

பதில்: படத்தில் வரும் தலைவிரிகோலப் பேயைத் தேடாதீங்க தம்பி. நான் ஏறியபோது, அதிகாலை இருட்டில் பின்னால் யாரோ மூச்சு வாங்கும் சத்தம். திரும்பினால் ஒருவருமில்லை. அப்புறம்தான் தெரிந்தது, மழைச்சட்டைத் தொப்பிக்குள் என் மூச்சேதான்.

கேட்டவர்: சரி, விபூதி பையிலேயே இருக்கட்டும். அம்மா இப்போது கோழி விலை விசாரிக்கிறார்.