களைக்கு மருந்தடித்த கடலையின் வேரை அலசிப் பார்த்ததுண்டா?

திண்டிவனம் பக்கத்திலிருந்து:

களைக்கொல்லி அடித்தால் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, கொஞ்சம் மஞ்சளாகும், பத்துப் பதினைந்து நாளில் தெளிந்துவிடும், பயப்படாதீர்கள் என்றுதான் மருந்துக்கடையில் சொல்லி அனுப்புகிறார்கள். தெளிவது உண்மைதான். ஆனால் எல்லாரும் இலையைத்தான் பார்க்கிறோம், வேரை யாரும் பார்ப்பதில்லை. போன மார்கழிப் பட்டத்தில் எங்கள் செம்மண் காட்டில் பார்த்ததை எழுதுகிறேன், உங்கள் பக்கம் எப்படி என்று சொல்லுங்கள்.

அடித்தது இமாசெத்தாபிர் என்ற களைக்கொல்லி, ஏக்கருக்கு 400 மில்லி கணக்கு. விதைத்து இருபது நாள் வாக்கில், களை இரண்டு மூன்று இலையில் இருக்கும்போது அடிக்க வேண்டிய மருந்து அது. வேரில் முடிச்சு பிடிக்கத் தொடங்குவதும் ஏறக்குறைய அதே சமயம்தான். ரைசோபியம் என்ற பாக்டீரியா குடியிருந்து காற்றிலிருக்கும் நைட்ரஜனைச் செடிக்குப் பிடித்துத் தருவது அந்த முடிச்சில்தான். மருந்தடித்த ஆள் வரப்போரம் திரும்பும்போதெல்லாம் விசையை மூடாமல் திரும்பியதால் அந்த ஓரத்தில் இரட்டை அடி விழுந்துவிட்டது. இன்னொரு மூலையில் டேங்க் தீர்ந்து ஒரு பட்டை மருந்து படாமலே நின்றது. ஒரே காட்டில் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாகப் போயிற்று.

பூ எடுத்த பிறகு மூன்று இடத்திலும் செடி எடுத்தேன். கையால் இழுத்தால் முடிச்சு அறுந்து மண்ணிலேயே நின்றுவிடும், அதனால் மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து வாளித் தண்ணீரில் ஊறவைத்துத்தான் அலச வேண்டும். மருந்து படாத செடியில் பக்கவேர் கிளம்புகிற இடமெல்லாம் கேழ்வரகு மணி மாதிரி முடிச்சு, நகத்தால் கீறினால் உள்ளே நல்ல சிவப்பு. சரியான அளவில் அடித்த இடத்தில் முடிச்சு கொஞ்சம் குறைவு, ஆனால் சிவப்பு இருந்தது. இரட்டை அடி விழுந்த ஓரத்தைப் பார்த்ததும்தான் மனசு கஷ்டமாகிவிட்டது. பக்கவேரே குட்டை, முடிச்சு அங்கொன்றும் இங்கொன்றும், கீறினால் உள்ளே வெளிறிப்போன வெள்ளை. இத்தனைக்கும் மேலே இலையில் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

அந்தச் சிவப்பு லெக்ஹீமோகுளோபின் என்ற புரதம். காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடிக்கும் நொதிக்கு ஆக்சிஜன் அதிகம் பட்டால் ஆகாது, ஆக்சிஜனை அளவாகக் கொடுத்துக் காப்பாற்றுவது இந்தச் சிவப்புதான். அது இல்லாத முடிச்சு இருந்தும் பயனில்லை. இமாசெத்தாபிர் வேலை செய்வது வாலின், லியூசின், ஐசோலியூசின் என்ற மூன்று அமினோ அமிலங்களை உண்டாக்கும் நொதியை முடக்கி. கடலை அந்த மருந்தைச் சிதைத்துத் தப்பிவிடும், ஆனால் தப்புகிற அந்த நாட்களில் வேருக்குப் போகும் சர்க்கரை குறையும், முடிச்சு வாழ்வதே அந்தச் சர்க்கரையில்தான். ரைசோபியத்துக்குள்ளும் அதே நொதி இருக்கிறது, மருந்தைத் தாங்குவது ரைசோபிய ரகத்துக்கு ரகம் மாறும்.

திருவாரூர் பக்கத்திலிருந்து:

அண்ணா, எங்களுக்கு உளுந்து. நெல் அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் ஈரத்தில் தெளித்துவிடுவோம், உழவும் கிடையாது, அப்புறம் பனி ஈரத்தில் வளர்ந்து வர வேண்டியதுதான். புல்லுக்குக் குயிசலோபாப் அடிக்கிறோம், அது புல் வகையை மட்டும் பிடிக்கிற மருந்து, அதில் முடிச்சுக்கு எந்தக் குறையும் நான் பார்க்கவில்லை. நான் பார்த்த கெடுதல் வரப்பில் அடித்த கிளைபோசேட்டால் வந்தது, அது புல், செடி என்று பார்க்காமல் எல்லாவற்றையும் கொல்லும் களைக்கொல்லி. பக்கத்து வரப்பில் காற்று நேரத்தில் அடித்தார்கள், சாரல் எங்கள் ஓரத்து உளுந்தில் பட்டது. செடி சாகவில்லை, குருத்து மட்டும் வெளுத்தது, ஆனால் பிடுங்கிப் பார்த்தால் முடிச்சு சுருங்கிக் கிடந்தது. இலையில் பட்ட கிளைபோசேட் செடிக்குள் சர்க்கரை போகும் வழியிலேயே போகும், குருத்துக்கும் வேர்நுனிக்கும் போகிற மாதிரி முடிச்சுக்கும் போய்ச் சேரும். 2022 அக்டோபரில் மத்திய அரசு, பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவர்கள்தான் அதை அடிக்கலாம் என்று உத்தரவு போட்டது. ஊரில் யார் கேட்கிறார்கள்?

விருத்தாசலம் பக்கத்திலிருந்து:

பெண்டிமெத்தலின் என்ற களைக்கொல்லியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விதைத்து மூன்று நாளுக்குள் மண்மேல் அடிப்பது, வேர்நுனியில் செல் பிரிவதை நிறுத்தும். கடலையில் ரைசோபியம் நுழைவது பக்கவேர் வெடித்துக் கிளம்பும் இடத்தில், பக்கவேர் குறைந்தால் முடிச்சுக்கு இடமே குறைகிறது. எங்கள் மணல்சாரியில் அடித்த கையோடு தண்ணீரை வாரிக் கட்டினால் மருந்து கீழே இறங்கி வேரில் படுகிறது, லேசாக நனைத்த பாத்தியில் அப்படி ஆகவில்லை.

திண்டிவனம் பக்கத்திலிருந்து மீண்டும்:

சரி, இதையும் சொல்லிவிடுகிறேன். மஞ்சளைப் பார்த்ததும் எங்கள் ஊரில் யூரியா வீசுகிறார்கள், அதைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. மண்ணில் நைட்ரேட் தாராளமாகக் கிடைத்தால் செடி முடிச்சு போடுவதையே குறைத்துக்கொள்ளும், மருந்துக்குத் தப்பிய முடிச்சும் அதில் போகும். முதலில் இரண்டு செடியைப் பெயர்த்துக் கீறிப் பாருங்கள், சிவப்பு இருந்தால் யூரியா மூட்டையைப் பிரிக்கவே வேண்டாம். அடுத்த பட்டத்தில் நான் வேண்டுமென்றே ஒரு பட்டையை மருந்தில்லாமல் விட்டுக் கைக்களை எடுக்கப்போகிறேன். கரிசலில் கடலை போடுகிறவர்கள் யாராவது இருந்தால் அங்கே எப்படி என்று எழுதுங்கள்.