கேஜ் பிரஷர்: ‘மானி அழுத்தம்’ போதுமா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

வெளிக்காற்றின் அழுத்தத்தைச் சுழியாக (பூஜ்ஜியமாக) வைத்து அளக்கும் ‘கேஜ் பிரஷர்’ (gauge pressure) என்பதற்குத் தமிழில் ‘மானி அழுத்தம்’ என்று குழுமத்தில் வந்த முன்மொழிவை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. காற்றழுத்தத்தை அளக்கும் பாரமானியும் மானிதான். அது காட்டுவதோ வெற்றிடத்தைச் சுழியாகக் கொண்ட தனி அழுத்தம் (absolute pressure). கருவியை வைத்துப் பெயரிட்டால் இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

எங்கள் தண்டையார்பேட்டைப் பஞ்சர் கடையில் ‘முப்பத்திரண்டு’ என்றால் போதும், பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) என்று யாரும் சொல்வதில்லை. அதே கடைக்குக் கம்ப்ரசர் பழுதுபார்க்க வருபவர் ‘ஏழு கிலோ’ என்பார். சதுர சென்டிமீட்டருக்கு ஏழு கிலோ எடை அழுத்துவதாகப் பொருள். ஏறத்தாழ 100 பி.எஸ்.ஐ. இந்த அலகு மாற்றங்களில் சிக்கலே இல்லை. ஒரு பி.எஸ்.ஐ. 6.895 கிலோபாஸ்கல், 32 பி.எஸ்.ஐ. பெருக்கிப் பார்த்தால் 220.6 கிலோபாஸ்கல், நூறு கிலோபாஸ்கல் ஒரு பார் என்பதால் சுமார் 2.2 பார்.

சிக்கல் சுழியில் இருக்கிறது. காற்று முழுக்க இறங்கிய டயரில் முள் சுழியைக் காட்டுகிறது. உள்ளே வெற்றிடமா இருக்கிறது? வெளியே உள்ள அதே அழுத்தம், கடல்மட்டத்தில் சராசரியாக 101.3 கிலோபாஸ்கல், உள்ளேயும் இருக்கிறது. 32 பி.எஸ்.ஐ. வைத்த டயரை வாயு விதிகளில் இடும்போது, 220.6-உடன் அதையும் சேர்த்து 322 கிலோபாஸ்கல் என்றே எடுக்கவேண்டும். அலகு மாற்றம் பெருக்கல், சுழி மாற்றம் கூட்டல். மாணவர்கள் வழுக்குவது இந்தக் கூட்டலில்தான். சொல்லே அதை நினைவூட்டினால் நல்லது.

‘மிகை அழுத்தம்’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். வெற்றிடப் பம்பில் எண் சுழிக்குக் கீழே இறங்கினால் அந்த மிகை எங்கே போகும்? தவிர, மருத்துவர் அளக்கும் 120 மி.மீ. பாதரசமும் வெளிக்காற்றுக்கு மேற்பட்ட அளவுதான். அதை மிகை இரத்த அழுத்தம் என்று சீட்டில் எழுதினால், நலமாக இருப்பவருக்கும் தலை சுற்றும்.

என் பரிந்துரை ‘வளிசார் அழுத்தம்’, அதாவது வெளிக்காற்றைச் சார்ந்து அளப்பது. இணையாகத் ‘தனி அழுத்தம்’ இருக்கட்டும். தனி வெப்பநிலை என்று ஏற்கெனவே பழகியிருக்கிறோம். ‘வளிசார்’, ‘தனி’ என்ற அடைமொழிகளை அலகின் வாலில் ஒட்டவேண்டாம். பார் எப்போதும் பார்தான். வேறுபடுவது அளக்கப்படும் அழுத்தம். ‘வளிசார் அழுத்தம் 2.2 பார்’ என்று எழுதுவதே சரி.

*

ஐயா, வணக்கம். எண்ணூர்ப் பக்கம் கொதிகலன் பிரிவில் வேலை பார்த்தவன். வளி என்றதும் என் போன்றவர்கள் கலனுக்குள் இருப்பதைத்தான் நினைப்போம்; உள்ளே இருப்பதோ நீராவி. ‘புறஞ்சார் அழுத்தம்’ என்றால் என்ன? வெளியே எவ்வளவு இருக்கிறதோ அதுவே சுழி என்பது இதில் தெளிவாகிறது. ஊட்டி உயரத்தில் வெளி அழுத்தம் ஏறத்தாழ 77 கிலோபாஸ்கல்தான். இங்கே 32 வைத்த டயரை அங்கே கொண்டுபோனால், வெப்பநிலையும் கொள்ளளவும் மாறாதவரை, காற்றே ஏற்றாமல் மூன்றரை பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். தனி அழுத்தம் மாறியிருக்காது.

*

ஊட்டிக் கணக்கு நன்றாக இருக்கிறது, ஐயா. புறஞ்சார் என்பதைப் புறவயம், புறநிலை என்பவற்றோடு குழப்பிக்கொள்வார்களோ என்ற தயக்கம் மட்டும் எனக்கு உண்டு. இயற்பியல் கற்பிக்கும் அன்பர்கள் சொல்லட்டும். அதுவரை கலைச்சொல் பட்டியலில் வளிசார், புறஞ்சார் இரண்டையும் வைக்கிறேன், புறஞ்சார் முதலில்.