கேடிஇ மேசைத்தளத்தில் சி பிளஸ் பிளஸ்: கேட் போதுமா, கேடெவலப் வேண்டுமா?

கேள்வி:
வணக்கம். லினக்ஸின் கேடிஇ பிளாஸ்மா மேசைத்தளத்தில், வரைகலைச் செயலிகளை எழுத உதவும் கியூட்டி நூலகத்தைக் கொண்டு படங்களைக் காட்டும் செயலி ஒன்றை எழுதி வருகிறேன். கணினியில் நினைவகம் 8 ஜிபி மட்டுமே உள்ளதால், கேடெவலப் போன்ற முழுமையான நிரலாக்கச் சூழலை நிறுவுவதா, கேட் என்ற எளிய உரைத்திருத்தியே போதுமா என்று தெளிவு பெற விரும்புகிறேன். மேலும், செயலி ஓட ஓட நினைவகத்தை விழுங்கிக்கொண்டே போகிறது. அதன் காரணத்தைக் கண்டறியக் கட்டற்ற கருவி எது?

மறுமொழி 1:
நினைவகத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். கேட் இலகுவானதுதான், ஆனால் நிரல்வரிகளைப் புரிந்துகொள்ள அது துணைக்கு அழைக்கும் கிளாங்டி என்ற பின்னணி நிரல், பெரிய திட்டங்களில் கணிசமான நினைவகத்தை எடுத்துக்கொள்ளும். 2016இல் வந்த 5.0 பதிப்பு முதல் கேடெவலப்பும் (கிளாங்டிக்கு அடிப்படையான) கிளாங் நிரல்பெயர்ப்பியையே நம்பியிருக்கிறது. வழுநீக்கத்தை அடிக்கடி செய்பவர் என்றால் கேடெவலப் வசதியானது. மற்றபடி கேட் போதும் என்பதே என் கருத்து. கேட்டில் கியூட்டியின் தலைப்புக் கோப்புகள் அனைத்தும் பிழை என்று சிவப்பில் அடிக்கோடிடப்பட்டால் பதற வேண்டாம். தொகுப்புக் கட்டளைகள் அடங்கிய ஜேசன் கோப்பை உருவாக்கும்படி, செயலியைக் கட்டமைக்கும் கருவியான சிமேக்கிடம் சொன்னால் அது சரியாகிவிடும்.

மறுமொழி 2:
நினைவகச் சிக்கலுக்கு ஹீப்ட்ராக் என்ற கட்டற்ற கருவியைப் பரிந்துரைக்கிறேன். இதே வேலைக்கான மற்றொரு கருவியான வால்கிரைண்டில் செயலி 10 மடங்குக்கும் மேல் மெதுவாகிவிடும் என்பதால், படங்களைப் புரட்டிப் பார்த்துச் சோதிப்பதே கடினம். ஹீப்ட்ராக்கோ நினைவக ஒதுக்கீட்டு அழைப்புகளை மட்டும் இடைமறித்துப் பதிவு செய்கிறது. வழுநீக்கத் தகவல்களுடன் தொகுத்துவிட்டு இயக்குங்கள். முடிவில் கசிவு (விடுவிக்கப்படாமலே போன நினைவகம்) என்று காட்டும் எண்ணை மட்டும் பார்த்து நிம்மதியடைந்துவிடாதீர்கள்: செயலி மூடும்போது முறையாக விடுவிக்கப்படும் நினைவகம் கசிவுக் கணக்கில் வராது, ஆனால் ஓடும் நேரம் முழுவதும் அது வளர்ந்துகொண்டே இருந்திருக்கலாம். காலப்போக்கில் நுகர்வைக் காட்டும் வரைபடத்தில், ஏறிக்கொண்டே போகும் பட்டையின் மேல் சுட்டியை வையுங்கள். எந்தச் செயற்கூறு ஒதுக்கியது என்று தெரியும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. கசிவு ஏறக்குறைய இல்லை; ஆனால் திறந்த படங்களைச் சேமித்து வைக்கும் கியூஹாஷ் அட்டவணைதான் வளர்கிறது. அதை, வரம்பை மீறினால் பழையவற்றைத் தானே நீக்கும் கியூட்டியின் கியூகேஷாக மாற்றினால் போதுமா?

மறுமொழி 2:
மாற்றலாம், ஆனால் ஒவ்வொரு படத்தையும் சேர்க்கும்போது அதன் செலவு மதிப்பை (அது பிடிக்கும் இடத்தைக் குறிக்கும் எண்) கட்டாயம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் ஒரு படத்தின் செலவு 1 என்றும் மொத்த வரம்பு 100 என்றும் கொள்ளப்படும். அதாவது 100 படங்கள் வரை தங்கிவிடும். 4000க்கு 3000 படப்புள்ளிகள் கொண்ட படம், புள்ளிக்கு 4 பைட் வீதம், விரித்த நிலையில் 48 எம்பி பிடிக்கும். 100 படங்களுக்கு அது 4.8 ஜிபி. படத்தின் அளவைக் கிலோபைட்டில் செலவாகக் கொடுத்து, வரம்பையும் அதே அலகில் 300 எம்பி அளவுக்கு வைத்துவிட்டு, ஹீப்ட்ராக்கில் மறுபடியும் ஓட்டிப் பாருங்கள்.