‘பீ தௌ மை விஷன்’ என்ற ஆங்கிலக் கிறிஸ்தவப் பாட்டுக்கு இரண்டு ஆசிரியர்களா?

கேள்வி: பூசைப் பாடகர் குழுவில் ஆல்ட்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்) பாடுகிறேன். இந்தப் பாட்டுத் தாளின் மேலே மேரி பெர்ன், எலினார் ஹல் என்று இரண்டு பெண்களின் பெயர். எழுதியது யார்?

பதில்: இருவருமே இல்லை! மூலம் பழைய ஐரிஷ் ஜெபம். பெர்ன் 1905இல் ஆங்கில உரைநடையாக்கினார். அதை ஹல் 1912இல் செய்யுளாக்கினார்.

பதில்: மெட்டு வேறு கதை. அயர்லாந்தின் ஸ்லேன் குன்றின் பெயர்கொண்ட நாட்டுப்புற மெட்டு. புனித பேட்ரிக் அரசன் தடையை மீறிப் பாஸ்கா (ஈஸ்டர்) தீ மூட்டியது அங்கேதான் என்பார்கள். சொல்லும் மெட்டும் சேர்ந்தது 1919இல், அதுவும் கத்தோலிக்கம் அல்லாத ஆங்கிலிக்கன் சபையின் பாடல் நூலில்!

கேட்டவர்: சரிதான், எங்கள் ஃபாதரிடம் இதைச் சொல்ல வேண்டும். அப்புறம், மெட்டில் எந்த வரியும் திரும்பி வருவதில்லை; மூன்றாம் வரியில் மேலே ஏறும்போது எனக்கு மூச்சு நிற்பதில்லை.