கைப்பேசி ஒலித்தால் மகன் ஏன் மிரள்கிறான்?

கேள்வி: தங்கச்சிமடத்துத் தாய்

என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர் என்பதால், வாரத்தில் பாதி இரவுகள் வீட்டில் நானும் மகனும்தான். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூன் 15-க்குப் பிறகு படகுகள் மறுபடியும் கடலுக்குப் போகத் தொடங்கிய நாள்களிலிருந்து அவனிடம் ஒரு மாற்றத்தைக் காண்கிறேன். முன்பெல்லாம் கைப்பேசியைப் பிடுங்கினால்தான் சாப்பிட வருவான். இப்போது அதைத் தலையணைக்கு அடியில் கவிழ்த்து வைத்துவிடுகிறான். செய்தி வந்த ஒலி கேட்டால் கைப்பேசியைப் பார்ப்பதற்கு முன் என் முகத்தைப் பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை மாலையானால் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்கிறான். மருத்துவர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். நான் துவைத்து மடித்து வைத்த பள்ளிச் சீருடையை எடுத்து இரவில் மறுபடியும் சோப்புப் போட்டுத் துவைக்கிறான். விடுமுறை நாளில் அப்பாவோடு இறங்குதளத்துக்குப் போய் மீன் பிரிக்க உதவியவன், இப்போது கூப்பிட்டாலும் போவதில்லை. கேட்டால், "யாராவது போட்டோ எடுப்பார்கள்" என்கிறான். இது வளரும் வயதின் குணமா, அல்லது கைப்பேசி வழியாக யாரேனும் இவனைத் துன்புறுத்துகிறார்களா? எப்படிக் கண்டுகொள்வது?

பதில் 1: ஓய்வுபெற்ற ஆசிரியர், மண்டபம்

சகோதரி, நீங்கள் பாதியைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். பிள்ளை எத்தனை மணி நேரம் கைப்பேசி பார்க்கிறான் என்ற கணக்கிலிருந்து பெரிதாக எதுவும் தெரியவராது. வழக்கம் எப்போது, எதை ஒட்டி மாறியது என்பதைக் கவனிக்க வேண்டும். திடீரென்று கைப்பேசியை வெறுப்பதும், பார்த்து முடித்தவுடன் எரிந்து விழுவதும், பள்ளி நாளுக்கு முந்தைய மாலையில் மட்டும் வரும் வலியும், பழைய நண்பர்களின் பெயர் பேச்சிலிருந்து மறைந்துபோவதும் நான் வகுப்பறையில் பலமுறை கண்டவை. தனித்தனியே பார்த்தால் இவற்றுக்கு வேறு காரணங்கள் இருக்கலாம். ஆனால் உங்கள் மகன் இறங்குதளத்தைத் தவிர்ப்பதும் சீருடையை மறுபடி துவைப்பதும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன: மீன் வாடையை வைத்து எவரோ கேலி செய்கிறார்கள், அதில் ஒரு படமும் இருக்கிறது என்றே நினைக்கிறேன். இரண்டு பிள்ளைகள் சண்டையிட்டால் மறுநாள் சமாதானம் ஆகிவிடும். ஒருவனைப் பலர் சேர்ந்துகொண்டு, அவன் கூசுவதை ரசித்து, நாள்தோறும் செய்தால் அது துன்புறுத்தல். எங்கள் காலத்தில் அது பள்ளி வாசலோடு நின்றது, இன்று தலையணைவரை வருகிறது.

எதிரே உட்காரவைத்து விசாரிக்காதீர்கள். வெங்காயம் உரிக்கும்போதோ கருவாடு திருப்பிப் போடும்போதோ பக்கத்தில் இருக்கச் செய்து, முகம் பார்க்காமல் பேச்சைத் தொடங்குங்கள்.

பதில் 2: படகுக்காரர், பாம்பன்

அந்தக் கைப்பேசியை வாங்கி அலமாரியில் பூட்டினால் எல்லாம் சரியாகிவிடும். நாங்கள் இது இல்லாமலா வளர்ந்தோம்?

பதில் 3: கல்லூரி மாணவி, கீழக்கரை

மன்னிக்கவும் அண்ணா, ஒன்பதாம் வகுப்பில் எனக்கு இது நடந்தபோது நான் வாய் திறக்காததற்கு அந்தப் பூட்டுதான் காரணம். சொன்னால் கைப்பேசி போய்விடும். அது போனாலும் வாட்ஸ்அப் குழுவில் என்னைப் பற்றிய பேச்சு நிற்காது, எனக்குத் தெரியாமல் நடக்கும், அவ்வளவுதான். அதனால் அம்மா, "என்ன சொன்னாலும் கைப்பேசியை எடுக்க மாட்டேன்" என்று முதலில் வாக்குக் கொடுங்கள்.

அவன் காட்டச் சம்மதித்தால், குழுவை விட்டு வெளியேறுவதற்கு முன்பே எண்ணும் தேதியும் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்துவையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியவரே எல்லாருக்கும் அழித்துவிட முடியும், ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். என் அம்மா பார்க்க வந்தபோது வெற்றுத் திரைதான் இருந்தது. அதன் பிறகு அமைப்புகளில் தனியுரிமைக்குள் போய், குழுக்களில் சேர்க்கும் உரிமையைத் தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். தெரியாத எண்கள் இழுத்துச் சேர்ப்பது நிற்கும். ஆதாரத்தை வகுப்பாசிரியரிடம் நேரில் காட்டுங்கள், பெற்றோர் குழுவில் போட்டு ஊர்வலம் விட வேண்டாம்.

ஆடையில்லாத படமோ, அப்படி ஒட்டுவேலை செய்த படமோ இருந்தால் கதையே வேறு. அதைச் சாட்சிக்காகக்கூட உறவினர் எவருக்கும் அனுப்பாதீர்கள்; சிறுவர்களின் பாலியல் படங்களைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் குற்றம். உடனே குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழையுங்கள், எந்நேரமும் எடுப்பார்கள். மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெயர் சொல்லாமலும் இத்தகைய புகாரைப் பதியலாம்.

கேட்டவரின் மறுமொழி: தங்கச்சிமடத்துத் தாய்

ஆசிரியர் ஐயா சொன்னபடியே செய்தேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது, கீழக்கரைத் தங்கை சொன்ன வாக்கைக் கொடுத்தேன்; வெகுநேரம் கழித்துத் தானாகவே கைப்பேசியை என் மடியில் வைத்தான். இறங்குதளத்தில் சங்காயம் எனும் கழிவுமீன் கூடையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது எவனோ எடுத்த படம். மூக்கைப் பொத்தும் கையை அதில் ஒட்டி ஸ்டிக்கராக்கி, இவன் வகுப்புக் குழுவில் எது எழுதினாலும் பதிலாகப் போட்டிருக்கிறார்கள். "காலை வணக்கம்" என்று எழுதியதற்குக்கூட ஏழு பேர் போட்டிருந்தார்கள். முதலில் போட்டவனும் நம் கடற்கரைப் பிள்ளைதான், அவன் அப்பாவும் தொழிலுக்குப் போகிறவர்தான் என்பதை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை.

திரைப்பிடிப்பு எல்லாம் எடுத்துவிட்டோம், திங்கட்கிழமை ஆசிரியரைப் பார்க்கிறேன். ஏனடா இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். படத்தில் தனக்குப் பின்னால் அப்பாவும் குனிந்து நிற்கிறார், அவர் பார்த்துவிடக் கூடாது என்றுதான் மறைத்தேன் என்றான். நாளை விடியற்காலையில் படகு கரைக்கு வரும். அவரிடம் யார் சொல்வது என்று இருவரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.