ஓய்வு நேரம் எங்கே போகுது? எழுதிப் பார்த்தவங்க சொல்லுங்க

மொட்டைமாடி:
ஒரு வாரம் நோட்டுல எழுதினாதான் தெரியும். மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு முறையே போதும்: காலை 4 மணியிலிருந்து மறுநாள் 4 மணி வரை, அரை மணிக்கு ஒரு கட்டம், மொத்தம் 48. என்ன செஞ்சோம், யாருக்காக, மனசு எப்படி இருந்தது (1 முதல் 5). மத்தியானம் ஒரு தடவை, படுக்கும் முன் ஒரு தடவை எழுதுங்க. ராத்திரி மொத்தமா எழுதினா பாதி மறந்துபோகும். ஞாயிறை விட்டுடாதீங்க.

கணக்குப்பிள்ளை:
பெரிய தப்பு எங்கே வருதுன்னா, டிவியில சீரியல் ஓடும், கை கீரை ஆயும். நோட்டுல 'டிவி'ன்னு ஏறிடும். அது வேலைங்க! அதே அரசுக் கணக்கெடுப்போட 2019 முடிவுப்படி, வீட்டு வேலை செய்றவங்கள்ல பெண்களுக்கு அதுக்கே நாளைக்குச் சராசரி 299 நிமிஷம், ஆண்களுக்கு 97. ஆபீஸ் வாட்ஸ்அப்புக்கு மூணு தடவை பதில் போட்ட கட்டத்தையும் ஓய்வுல சேர்க்காதீங்க.

ஞாயிறுவாசி:
திருப்தியைத் தனியா அளக்கணும். அமெரிக்க உளவியலாளர் எட் டீனர் குழு 1985ல வெளியிட்ட வாழ்க்கைத் திருப்தி அளவுகோல் இருக்கு: 5 வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மார்க். கூட்டினா 5 முதல் 35 வரை வரும், 20 நடு. மாசம் ஒரு தடவை போதும். மொத்த வாழ்க்கையைப் பத்திக் கேட்கிற கேள்வியைத் தினமும் போட்டா, அன்னிக்குக் காலையில நடந்த சண்டைக்குத்தான் மார்க் விழும்.

திண்ணைக்காரர்:
ஓய்வு நேரம் கூடினா திருப்தியும் கூடிக்கிட்டே போகும்னு இல்லை. ஷரீஃப், மொகில்னர், ஹெர்ஷ்ஃபீல்ட் 2021 ஆய்வுல 21,736 அமெரிக்கர்களின் நேரக் குறிப்பைப் பார்த்தாங்க. நாளைக்குச் சுமார் 2 மணி நேர ஓய்வு வரை நலவுணர்வு ஏறுது, அப்புறம் நிக்குது, 5 மணி நேரத்துக்கு மேல போனா இறங்குது. உபயோகமாவோ நாலு பேரோடவோ கழிச்சா அந்த இறக்கம் இல்லை. ரிட்டயர் ஆனவங்க கவனிக்க வேண்டியது இதுதான். கேரம் ஆட 4 பேர் வேணும்னா 6 பேரைச் சேருங்க, கிழமையும் மணியும் குறிச்சுடுங்க. 'முடிஞ்சப்போ வர்றேன்'னு ஆரம்பிச்சா மூணாவது வாரம் போர்டு பரண்ல இருக்கும்.

மொட்டைமாடி:
அந்த 2 மணி நேரம் துண்டு துண்டா வந்தா பிரயோஜனமில்லை. வாரத்துல ரெண்டு சாயங்காலம் சமையலை ஒருத்தர் மாத்தி ஒருத்தர் பார்த்துக்கோங்க. ஓய்வு யாருக்கோ அவங்க வீட்டை விட்டு வெளியே போயிடணும். உள்ளேயே இருந்தா பத்து நிமிஷத்துல 'துவரம்பருப்பு எந்த டப்பாவுல?'ன்னு குரல் வரும்.