மடிப்பூட்டு: ரேடியேற்றரின் பிளாஸ்டிக் தாங்கிக்கு வேண்டிய சொற்கள்

வவுனியாவிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். வாகனத் திருத்தக் கையேட்டில் குளிர்ப்பாக்கல் அத்தியாயத்துக்கு வேண்டிய மூன்று சொற்கள் இன்னும் தீரவில்லை. ரேடியேற்றரின் அலுமினிய உடலில் பொருந்தும் பிளாஸ்டிக் தாங்கி, அதைச் சுற்றிப் பிடிக்கும் சிறு பற்கள், அந்தப் பற்களை மடக்கும் வேலை. மூன்றாவதைக் கராஜில் ‘கிரிம்ப் அடிக்கிறது’ என்கிறார்கள். இப்போதைக்குப் பட்டியலில் மேல்தாங்கி, விளிம்பு, நசுக்கல் என்று இருக்கின்றன. பழைய வானும் பிக்அப்பும் திருத்தப் பழகும் வன்னிப் பிள்ளைகள் வாசிக்கப்போகும் நூல் இது. வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

கிளிநொச்சியிலிருந்து:

ஐயா, வணக்கம். ‘நசுக்கல்’ வேண்டவே வேண்டாம். அந்தச் சொல்லைப் படிக்கிற பிள்ளை குறடு எடுத்துப் பல்லை நசுக்கத்தான் பார்க்கும். நசுங்கினால் பல் அடியில் வெடிக்கும், தாங்கியின் அடியைச் சுற்றி ஓடும் பாதவிளிம்பும் உடையும். உண்மையில் அங்கே நடப்பது வேறு. பாதவிளிம்பு ஓர் இறப்பர் வளையத்தின் மேல் இருக்கிறது. வளையம் வேண்டிய அளவு அமுங்கிய நிலையில் அதை அப்படியே பிடித்து வைப்பதுதான் பல்லின் வேலை. பல் மடிகிறது, மடிந்து பூட்டுகிறது. கழற்றுறது, பூட்டுறது என்ற இரண்டும் எங்கட கராஜ்களில் நாள் முழுக்கப் புழங்கும் சொற்கள். அதனால் வேலைக்கு ‘மடிப்பூட்டு’, பல்லுக்கு ‘மடிபல்’ என்று வைப்போம்.

இந்தத் தாங்கி ஏன் வெடிக்கிறது என்பதையும் அதே பக்கத்தில் சொல்ல வேண்டும். பெரும்பாலும் இது 30 வீதம் கண்ணாடி நார் கலந்த நைலோன் 66. தாங்கியின் உடலிலேயே ‘பிஏ66-ஜிஎஃப்30’ என்று அச்சு விழுந்திருக்கும். சூடான கூலன்ற் (இயந்திரத்தைக் குளிராக்கச் சுற்றி ஓடும் நீர்மம்) ஆண்டுக்கணக்கில் படப்பட நைலோன் நீர்ப்பகுப்படைந்து முறுகிப்போகும். கறுப்பு நிறம் மண்ணிறமாகும், மேற்பரப்பில் நார் வெளிறித் தெரியும். முதல் வெடிப்பு அனேகமாக மேல் ஹோஸ் பூட்டும் கழுத்தடியில் மயிரிழைபோல் ஓடும். எங்கட பகுதியில் இதை விரைவுபடுத்துபவை மூன்று. வன்தன்மை கூடிய கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் குழாய்களுக்குள் படிவு கட்டி இயந்திரம் எந்த நேரமும் கூடிய சூட்டில் ஓடும். அறுவடைக் காலத்து வைக்கோல் தூசி முன்பக்கச் செதில்களை அடைக்கும். ரேடியேற்றரின் கீழ் இறப்பர்கள் தேய்ந்த வாகனம் கிரவல் வீதியில் ஓடினால் அதிர்வு முழுக்கக் கழுத்துக்குப் போகும். இறப்பரைக் கவனியாமல் தாங்கியை மட்டும் மாற்றினால் புதியதும் அதே இடத்தில்தான் வெடிக்கும்.

வெடிப்பில் பசை பூசுவது வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க மட்டும் உதவும். கூலன்ற் ஊறிய பழைய நைலோனில் பசை பிடிக்காது.

மாற்றும் முறை இப்படி. இயந்திரம் முழுக்க ஆறிய பிறகுதான் ரேடியேற்றர் மூடியைத் திறக்க வேண்டும். 0.9 பார், அதாவது சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 13 இறாத்தல் அழுத்தம் பிடிக்கும் மூடி போட்ட தொகுதியில் வெறும் தண்ணீர்கூட 118 பாகை செல்சியஸுக்குக் கிட்டத்தான் கொதிக்கும். அந்தச் சூட்டில் திறந்தால் அப்படியே ஆவியாய் வெடித்து முகத்தில் அடிக்கும். கூலன்ற்றை வடித்து ரேடியேற்றரை வெளியே எடுங்கள். ஓட்டோ கியர் வாகனமென்றால் கீழ்த்தாங்கிக்குள் கியர் எண்ணெய்க் குளிராக்கியும் இருக்கும். அதன் குழாய்களைக் கழற்றி வாயை அடைக்க வேண்டும்.

பல்லைத் திறக்கமுன் நாலைந்து இடங்களில் மடிப்பின் உயரத்தை வேணியர் இடுக்கியால் அளந்து எழுதுங்கள். திரும்பப் பூட்டும்போது வரவேண்டிய அளவு அதுதான். நுனி அராவிய தட்டை ஸ்குறூ ட்றைவரால் ஒவ்வொரு பல்லையும் பாதவிளிம்பு வெளியே வருமளவுக்கு மட்டும் நிமிர்த்துங்கள். நேராகும்வரை இழுக்கக் கூடாது. அலுமினியம் ஒரு தரம் திறந்து மூடத் தாங்கும், மூன்றாம் தரம் முறியும். ஒரு பல் முறிந்தால் சமாளிக்கலாம். அடுத்தடுத்து இரண்டு முறிந்தாலோ மூலையில் முறிந்தாலோ உடலையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

இறப்பர் வளையம் இருக்கும் பள்ளத்தை வெந்நீரும் மரக்குச்சியும் கொண்டு துப்புரவாக்குங்கள். இரும்பால் சுரண்டிய கீறல் ஒவ்வொன்றும் ஒரு கசிவு. பழைய இறப்பர் வளையத்தைத் திரும்பப் போடாதீர்கள். புதியதில் கிறீஸோ எண்ணெயோ படக்கூடாது, இந்த வகை இறப்பர் எண்ணெயில் ஊதிவிடும். சுத்தமான கூலன்ற்றில் நனைத்து வைத்தால் போதும், சிலிக்கோன் தேவையில்லை.

தாங்கியை வைத்து, மேலும் கீழும் பலகைத்துண்டு கொடுத்து, இரண்டு ஜி கிளாம்பால் வளையம் சமமாக அமுங்கும்வரை இறுக்குங்கள். மடிபல்லை மடக்குவது இதற்குப் பிறகுதான். அமுக்குவது கிளாம்பின் வேலை, பல் பிடித்து வைக்க மட்டுமே. முதலில் நான்கு மூலை, பிறகு நடு, பிறகு எதிரெதிராக. ஒரே மூச்சில் மடக்காமல் இரண்டு சுற்றில் குறித்த உயரத்துக்குக் கொண்டுவாருங்கள்.

வாய்களை அடைத்துத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, மூடியின் அழுத்தத்துக்குச் சற்று மேலே, 1.1 பார் அளவில், பத்து நிமிடம் காற்றுப் பிடித்துப் பாருங்கள். குமிழி வந்தால் அந்தப் பல்லையும் அதன் இரு பக்கத்துப் பல்லையும் மட்டும் தொடுங்கள். வாகனத்தில் பூட்டும்போது ஹோஸைக் கட்டுக்கம்பி போட்டு முறுக்க வேண்டாம், கழுத்தை அறுத்துவிடும். தட்டைக் கிளிப்தான் போட வேண்டும்.

முல்லைத்தீவிலிருந்து:

அண்ணை, மடிப்பூட்டுக்கும் மடிபல்லுக்கும் நானும் சம்மதம். எனக்கு இடிக்கிறது ‘மேல்தாங்கி’தான். குழாய்கள் கிடையாக ஓடும் ரேடியேற்றரில் பிளாஸ்டிக் இடமும் வலமும் இருக்கும், அங்கே ‘மேல்’ பொய்யாகிவிடும். அதோடு, ரேடியேற்றரைச் சசியில் (வாகனத்தின் அடிச்சட்டத்தில்) பிடித்துவைக்கும் இரும்புக்கும் ‘தாங்கி’ என்றே பல இடங்களில் எழுதுகிறோம். “தாங்கியைக் கழற்றுக” என்றால் பிள்ளை எதைக் கழற்றும்? ‘முனைக்கலம்’ என்று வைத்தால் மேல், கீழ், இடம், வலம் நான்கையும் முன்னே சேர்க்கலாம்.

மூடிக்குக் கீழே வழிந்துபோகும் மெல்லிய குழாய்க்கு ‘வான்குழாய்’ என்றும் கேட்கலாமா? குளம் நிரம்பினால் வான் பாய்கிறது என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும்.

கிளிநொச்சியிலிருந்து:

முனைக்கலம் சரி, தம்பி, அதையே எடுப்போம். வான்குழாய் கருத்தில் பொருந்துகிறது, ஆனால் நூல் முழுக்க வான் என்றால் வாகனம். வாசிக்கிறவர் தடுமாறுவார், ‘வழிகுழாய்’ போதும். ரேடியேற்றரைக் ‘கதிர்த்தி’ என்று மாற்றலாமே என்று யாரும் கேட்டால், அதுவும் வேண்டாம். அங்கே வெப்பம் போவது பெரும்பாலும் மேற்காவுகையால், அதாவது ஓடும் காற்று அள்ளிக்கொண்டு போவதால், கதிர்ப்பின் பங்கு சிறியது.

கீழ் முனைக்கலத்தில் தண்ணீர் வடிக்கும் பிளாஸ்டிக் திருகிக்கு மட்டும் குளத்திலிருந்து ‘துருசு’ என்ற சொல்லை எடுக்கலாம். திறந்து அளவாக விடுகிற வாய் என்பது இரண்டுக்கும் பொருந்தும். ‘வடிதுருசு’ என்று எழுதி, பக்கத்திலேயே எச்சரிக்கையும் போடுங்கோ: விரலால் மட்டும் இறுக்க வேண்டும். குறடு வைத்தால் தலை கையோடு வரும், புரி கலத்துக்குள் நின்றுவிடும். கசிந்தால் மேலும் இறுக்காமல் உள்ளே இருக்கும் சிறு இறப்பர் வளையத்தை மாற்ற வேண்டும்.